தொப்பூர் ஏறினால் இரண்டு டிகிரி, ஓசூர் ஏறினால் நான்கு

சித்திரை வெயிலில் "தருமபுரி 40 டிகிரி" என்று டிவியில் எழுத்து ஓடினால், அது எந்த ஊரின் 40 என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் தினமும் வெளியிடும் பட்டியலில் சேலம், தருமபுரி, திருப்பத்தூர், வேலூர் என்று ஊருக்கு ஒரு வரி இருக்கும். அந்த வரியில் உள்ள எண், சட்டம் அடித்த வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில், தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரத்தில் அளந்தது. பாலக்கோட்டுத் தக்காளிச் செடியின் காலடியிலோ, ஓட்டு வீட்டின் பரணிலோ அளந்ததில்லை. காரின் முகப்புத் திரை காட்டும் 44-ஐப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் தார்ச்சாலையின் சூட்டைத்தான் சொல்கிறார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் சமவெளி மாவட்டங்கள் போலத் தெரிந்தாலும் உண்மையில் படிக்கட்டு. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது. தொப்பூர் கணவாய் ஏறி வந்தால் தருமபுரி ஏறத்தாழ 470. கிருஷ்ணகிரி தாண்டி, சூளகிரி வழியாக ஓசூர் போய்ச் சேரும்போது 880-ஐ ஒட்டி நிற்கிறோம். தளிப் பக்கம் இன்னும் மேலே. கோடையின் உச்சிப்பொழுதில் தரையோரக் காற்று நன்றாகக் கலந்து கிடப்பதால் நூறு மீட்டர் ஏறினால் கிட்டத்தட்ட ஒரு டிகிரி குறையும். ஆகவே சேலத்தில் 42 என்றால் தருமபுரியில் 40, ஓசூரில் 36 என்று பட்டியல் வராமலே கணக்குப் போடலாம். இந்தக் கணக்கு பிற்பகல் இரண்டு முதல் நாலரை வரைக்கும்தான் செல்லும். இரவில் காற்று கலப்பது நின்றுவிடும், கணக்கும் உடைந்துவிடும்.

படிக்கட்டின் கீழ்ப் பக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அரூர் தருமபுரியை விடத் தாழ்ந்தது. ஒகேனக்கல் அதைவிடப் பள்ளம். பென்னாகரத்திலிருந்து மலைப்பாதையில் இறங்க இறங்கச் சூடு ஏறுவது முகத்திலேயே தெரியும். அருவிச் சாரல் இருக்கிறதே, குளுமையாக இருக்கும் என்று மே மாதம் கிளம்பும் குடும்பங்கள், ஆற்றோரப் பாறையில் மதியம் ஒரு மணிக்கு நின்று பார்த்தால் உண்மை தெரியும். மாவட்டத்துக்கு ஒரே எண்ணாக வரும் முன்னறிவிப்பை எடுத்தால், அரூருக்கு ஒன்று கூட்டி, தேன்கனிக்கோட்டைக்கு நான்கு கழித்துப் படிப்பது நல்லது. கைப்பேசிச் செயலிகள் பத்து, இருபது கிலோமீட்டர் கட்டங்களாக நாட்டைப் பிரித்துக் கணக்கிடுகின்றன. மலையும் பள்ளமும் ஒரே கட்டத்தில் விழுந்துவிட்டால் இரண்டுக்கும் நடுவே ஒரு எண்ணைத்தான் தரும்.

இன்னொரு குழப்பம், வெப்ப அலை. அப்படி அறிவிக்க, சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை 40 டிகிரியைத் தொட வேண்டும். அதோடு அந்தத் தேதிக்குரிய இயல்பை, அதாவது பல ஆண்டுச் சராசரியை விட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். வித்தியாசம் 6.4-ஐத் தாண்டினால் கடுமையான வெப்ப அலை. இயல்பு என்னவாக இருந்தாலும் 45 தொட்டால் அலைதான். இதுவும் ஒரு வானிலை உட்கோட்டத்தில் குறைந்தது இரண்டு நிலையங்களில், இரண்டு நாள் தொடர்ந்தால்தான் அறிவிப்பார்கள். தருமபுரியின் இயல்பு 37 என்று வைத்துக்கொண்டால் 41 அடித்தாலும் அறிவிப்பு வராது. ஓசூரில் இயல்பை விட நான்கு, ஐந்து கூடி 38 அடித்தாலும் 40 என்ற வாசலைத் தாண்டாததால் வராது. பெங்களூரு நகரத்தின் உச்சப் பதிவே 2016 ஏப்ரலில் வந்த 39.2 தான், அதே மேட்டு நிலத்தில் இருக்கும் ஓசூருக்கு 40 எவ்வளவு தூரம் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். அறிவிப்பு வரவில்லை என்பதால் பட்டுப்புழுவுக்கு வெயில் உறைக்காமல் இருக்காது.

கத்திரி பற்றியும் இங்கே சொல்லிவிடலாம். பஞ்சாங்கக் கணக்கில் அக்னி நட்சத்திரம் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28-ஐ ஒட்டி முடிகிறது. ஆனால் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது அதற்கும் முன்பே. தருமபுரியில் ஏப்ரல் 22 வாக்கில், கிருஷ்ணகிரியில் மறுநாள், ஓசூரில் அதற்கடுத்த நாள் என்று நிழலில்லா நாள் வடக்கே நகர்கிறது. அன்று பகல் பன்னிரண்டேகால் வாக்கில் நட்டு வைத்த குச்சிக்கு நிழல் விழாது. தரை அதற்குள் காய்ந்து கிடக்கும், கோடை மழையும் முழுதாகத் தொடங்கியிருக்காது. அதனால் இந்தப் பகுதியில் ஏப்ரல் கடைசி வாரமும் மே முதல் வாரமும்தான் பெரும்பாலும் உச்சம். 2024-இல் நடந்ததும் அதுவே. கத்திரியின் பிற்பாதியில் மேகமும் இடியும் வந்துவிடும், குறிப்பாக ஓசூர்ப் பக்கம். கத்திரி தொடங்கட்டும் என்று தயாரிப்பைத் தள்ளிப்போட்டால் பாதி வெயில் கடந்துபோயிருக்கும்.

முன்னறிவிப்பில் உச்ச வெப்பத்தை மட்டும் பார்த்து மூடிவிடாமல் இன்னும் இரண்டு எண்களைத் தேட வேண்டும். ஒன்று, குறைந்தபட்ச வெப்பநிலை. பகலில் 40 அடித்தாலும் விடியலில் 23-க்கு இறங்கினால் செடியும் மாடும் மனிதரும் ஓரளவு தேறிவிடுவார்கள். 27-லேயே நின்றால் மூன்றாம் நாளில் எல்லாம் தளரும். தக்காளியில் பகல் 35-ஐயும் இரவு 25-ஐயும் ஒட்டித் தாண்டும்போது மகரந்தம் கெட்டு, பூ காம்போடு உதிரும். ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிகளில் வெயில் வாரத்துக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து வரத்து குறைந்து விலை துள்ளுவதற்கு இந்த இரவுகளும் ஒரு காரணம். பூ உதிர்கிறதே என்று அந்த நேரத்தில் தழைச்சத்தைக் கொட்டுவதுதான் பெரிய தவறு. இலை செழிக்கும், பூ நிற்காது.

இரண்டாவது, ஈரப்பதம். இதை நேரடியாகக் காட்டும் எண் பனிநிலை (dew point), அதாவது காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. செயலிகளில் வெப்பத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதம் என்றால் பனிநிலை 16 வாக்கில் வரும். காய்ந்த வெயில், வியர்வை வந்த சுவடே தெரியாமல் ஆவியாகிவிடும். சட்டை நனையாததால் உடம்பு நீர் இழப்பதே தெரியாது, மாலையில் தலை கனக்கும்போதுதான் தெரியும். முந்தின நாள் ஒரு மழை அடித்து, மறுநாள் 35 டிகிரி, ஈரப்பதம் 55 சதம் என்றால் பனிநிலை 24-ஐத் தாண்டும். செய்தியில் "வெயில் 5 டிகிரி குறைந்தது" என்பார்கள், வீட்டிலோ புழுக்கம் தாங்காது.

ஏர் கூலர் வைத்திருப்பவர்கள் இதை எண்ணாகவே பார்க்கலாம். ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு முதல் நாளில் 24 வாக்கில், இரண்டாம் நாளில் 27.5. நல்ல கூலர் அன்றைய வெயிலின் அளவுக்கும் இந்த ஈரத் துணி அளவுக்கும் இடையிலான தூரத்தில் முக்கால் பங்கு வரை காற்றைக் குளிர்விக்கும். கணக்குப் போட்டால் 40 டிகிரி நாளில் அதன் வாயில் 28 டிகிரிக் காற்று வரும். 35 டிகிரி நாளிலோ 29.5. வெயில் குறைந்த அன்று கூலர் "வேலை செய்யல" என்று கடைக்குத் தூக்கிப் போவது இதனால்தான். இயந்திரத்தில் பழுது இருக்காது. அந்த நாளில் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓட்டி, எதிர் ஜன்னலைத் திறப்பது மேல். காய்ந்த நாளிலும் ஜன்னலை அடைத்துக் கூலர் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் அறை பாத்திரம் மூடி வேகவைத்தது போல ஆகிவிடும்.

இந்த ஒரே விஷயம் பட்டுப்புழு மனையில் பணமாகிறது. வெண்பட்டுப் புழுக்களுக்கு இளம்பருவத்தில் 26 முதல் 28 டிகிரியும் 80 சதத்துக்கு மேல் ஈரமும் வேண்டும். நாலாம், ஐந்தாம் பருவத்தில் 24 முதல் 26 டிகிரியும் 70 சத அளவு ஈரமும் போதும். தருமபுரி வெயிலில் சும்மா விட்ட மனை 34, 35-க்குப் போகும். காய்ந்த நாளில் செய்ய வேண்டியவை தெரிந்ததுதான்: கூரைமேல் தென்னங்கீற்று, ஜன்னலில் நனைத்த கோணிப்பை, தரையோரம் ஈர மணல். மல்பெரியை விடிவதற்குள் வெட்டி, ஈரக் கோணியில் போர்த்தி, நிழல் அறையில் நிறுத்தி வைக்க வேண்டும். எட்டு மணிக்கு மேல் வெட்டிய தழை தட்டில் போட்ட அரை மணியில் சுருண்டுவிடும். புழு அதன்மேல் நடக்குமே தவிரத் தின்னாது. மொத்தத் தீனியில் எண்பது சதத்துக்கு மேல் ஐந்தாம் பருவத்தில்தான் செலவாகிறது, அந்த ஏழு நாளில் தழை வாடினால் கூட்டின் எடை குறைந்தே தீரும். பெரிய தீனியை இரவுக்கும் விடியலுக்கும் நகர்த்திவிட்டு மதியம் மெல்லிசாகக் கொடுப்பது நலம். படுக்கையில் நெருக்கமும் கூடாது. நெருங்கிய இடத்தில் சூடு தேங்கி, பால் நோய் கிளம்பும்.

தப்பு நடப்பது மழை விழுந்த மறுநாள். பழக்கத்தில் அன்றும் கோணியை நனைத்துத் தொங்கவிடுவார்கள். வெளியே ஈரம் ஏற்கெனவே ஏறிக் கிடக்க, உள்ளே அது 90-ஐத் தாண்டும். எச்சமும் தழை மிச்சமும் ஊறிப் படுக்கை நாறும். அன்று கோணியைக் கழற்றி எல்லா ஜன்னலையும் திறந்து, தோலுரிக்கப் படுத்திருக்கும் தட்டுகளில் சுண்ணாம்புத் தூளைத் தூவி ஈரத்தை இறக்க வேண்டும். ஐம்பது, நூறு ரூபாய்க்குக் கிடைக்காத பொருள் என்றாலும் ஈரப்பத அளவி ஒன்றை மனையின் நடுவில், புழுத்தட்டின் உயரத்தில் தொங்கவிடாமல் கோடையில் முட்டை வாங்குவது துணிச்சல்.

கோழிப்பண்ணையில் சாவு பெரும்பாலும் உச்சி வெயிலில் விழாது, மூன்று மணியிலிருந்து ஐந்துக்குள் விழும். தீனி செரிக்கும் சூடு தின்ற சில மணி நேரம் கழித்து உச்சத்துக்கு ஏறும், அது வெளிச்சூட்டோடு சேர்ந்துகொள்ளும். அதனால் காலை பத்து மணிக்குத் தீனித் தட்டைத் தூக்கி, நாலரை, ஐந்துக்கு மேல் இறக்க வேண்டும். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும், ஆனால் வெயிலில் நிற்கும் கறுப்புத் தொட்டியின் தண்ணீரைக் கோழி தொடாது. தொட்டிக்குக் கீற்றுப் பந்தலும் ஈரச் சாக்கும் போட்டாலே பாதி வேலை முடிந்தது. சொட்டுநீர்க் குழாயிலும் இதே கதை. மதியம் வால்வைத் திறந்தால் முதலில் வருவது வெந்நீர், அது போவது நாற்றின் வேருக்கு. ஏழு மணிக்குள் விடுங்கள், இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகு.

கிருஷ்ணகிரிக்குக் கோடை என்றால் மா. செந்தூரா முந்தும், பெங்களூரா பின்னால் வரும், நீலம் கடைசி. பிஞ்சு பட்டாணி அளவிலும் கோலி அளவிலும் இருக்கும்போது வெயில் நின்று அடித்தால் உதிர்வு கூடும். மரம் தன்னால் தாங்க முடிந்ததை மட்டும் வைத்துக்கொள்கிறது என்பதால் கொஞ்சம் உதிர்வது இயல்பே. அதற்கு மேல் போனால் என்.ஏ.ஏ. என்ற பயிர் வளர்ச்சி ஊக்கியை 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு) அளவில் தெளிப்பார்கள். கடையில் கிடைப்பது 4.5 சதக் கரைசல் என்றால் பத்து லிட்டர் டேங்குக்கு நாலரை மில்லி கணக்கு. "ரெண்டு மூடி" என்று ஊற்றுகிற பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். இது ஊக்கி, அளவு மிஞ்சினால் நிற்க வேண்டிய பிஞ்சையும் உதிர்க்கும். மாலை நாலு மணிக்கு மேல், மண்ணில் ஈரம் இருக்கும்போது மட்டும் தெளிக்கலாம். வறண்ட மரத்துக்கு மருந்து பயன் தராது.

தண்ணீர் இருக்கிறவர்கள் பத்து நாளுக்கு ஒரு தடவை, தண்டை விட்டு விலகி, கிளை நுனி நிழல் விழும் வட்டத்தில் பாய்ச்சி, சருகை மூடாக்காகப் போட்டால் நிலைக்கும். ஒரு மாதம் காயவிட்டு ஒரே நாளில் குளமாகக் கட்டினால் பிஞ்சு வெடிக்கும், உதிரும். வெயில் சுட்ட கரும்புள்ளி மரத்தின் மேற்குப் பக்கக் காய்களில்தான் அதிகம். கூழ் ஆலை அதைக் கழித்து எடுப்பதால், அறுவடைக்கு முன் அந்தப் பக்கத்து உள்கிளைகளைக் கவாத்து செய்து திறந்துவிடாமல் இருப்பது லாபம்.

வெயில் எப்போது உடையும் என்ற கேள்விக்கு வருவோம். உச்சி வெப்பம் ஏறிக்கொண்டே போகும் நாட்களில் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து, உள் கர்நாடகம், ராயலசீமாவின் காய்ந்த நிலத்தைக் கடந்து வரும். வானம் வெளிறிய நீலம், மேகம் இருந்தாலும் தட்டையான பஞ்சு. காற்று தென்கிழக்குக்குத் திரும்பி, பனிநிலை 16-லிருந்து 20-ஐத் தாண்டினால் வங்கக் கடல் ஈரம் உள்ளே வந்துவிட்டது. அறிக்கையில் "உள் தமிழகத்தின் மேல் காற்றுத் திசைவேக மாறுபாடு" அல்லது "மேலடுக்குச் சுழற்சி" என்ற வரி வந்தால் இன்னும் உறுதி. பிறகு வத்தல்மலை, சித்தேரி, சேர்வராயன், ஜவ்வாது மலைகளின் தலையைப் பார்த்தால் போதும். ஒரு மணிக்குள் காலிஃபிளவர் போல் உருண்டு நிமிரும் மேகம் மூன்று, நான்கு மணிக்கு இடிக்கும். எந்தக் கிராமத்தில் என்பதை முந்தின நாளே யாரும் சொல்ல முடியாது. அறிக்கையின் சொற்களுக்கும் அளவு உண்டு: "ஓரிரு இடங்களில்" என்றால் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள், "ஒரு சில இடங்களில்" என்றால் பாதிக்குள், "அநேக இடங்களில்" என்றால் முக்கால் பங்குக்குள். ஓரிரு இடம் என்று படித்துவிட்டு உங்கள் காட்டில் பெய்யவில்லை என்று கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை, நாலில் மூன்று பங்கு வாய்ப்பு உங்களுக்கு எதிராகத்தான் இருந்தது.

மாவட்ட முன்னறிவிப்பில் வெப்பநிலையை நம்பலாம். இடிமழையின் நேரத்தை மட்டும் மூன்று மணி நேர உடனடி எச்சரிக்கையில் பார்க்க வேண்டும். வியாழன்தோறும் வரும் நீண்ட கால முன்னறிவிப்பு அடுத்த இரண்டு வாரத்தின் போக்கைக் காட்டும். பட்டுப்புழு முட்டை வாங்கும் தேதி, நாற்று நடும் தேதி போன்றவற்றுக்கு அது உதவும். செவ்வாய், வெள்ளி வரும் வேளாண் வானிலை அறிவிப்பை மேகதூத் செயலியில் தமிழிலேயே படிக்கலாம். பருவத் தொடக்கத்தில் "இயல்பை விட அதிக வெப்பம்" என்று வரும் மூன்று மாத அறிக்கை ஒரு சாய்வைச் சொல்வது. எந்த வாரம் 41 அடிக்கும் என்று அதில் தேடக்கூடாது.

முதல் இடிமழை பெரும்பாலும் நல்லதாக வராது. புழுதிக் காற்று முன்னால் வந்து வாழையைச் சாய்க்கும், காயை உதிர்க்கும், பசுமைக்குடிலின் பாலிதீனைக் கிழிக்கும். ஓசூர், சூளகிரி மேட்டில் ஆலங்கட்டியும் விழும். மேகத்தில் உறைநிலை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே தரை உயரமாக இருந்தால் கட்டி உருக நேரம் குறைவு, அரூரில் தண்ணீராக வருவது ஓசூரில் கட்டியாகவே வரலாம். மின்னலுக்குத் தாமினி செயலி இருக்கிறது. அது இல்லாவிட்டால் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையே எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் வந்தால் மாட்டை அவிழ்த்துக்கொண்டு புளியமரத்தடியை விட்டு வெளியேறும் நேரம்.

பெய்த ஈரம் காய்வதற்குள் ஏர் பூட்ட வேண்டும். "சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்பது மானாவாரிக் கடலையும் கேழ்வரகும் போடும் நிலத்துக்குச் சொன்னது. சரிவுக்குக் குறுக்கே உழுதால் அடுத்த மழை மண்ணிலேயே இறங்கும், புரண்ட கூண்டுப்புழுவைக் கொக்கும் மைனாவும் பொறுக்கும். மாந்தோப்பில் அதே ஈரம் பழ ஈயைக் கிளப்பிவிடும் என்பதால், உதிர்ந்த காய்களை அன்றே பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைத்துவிட்டு ஈயை ஈர்த்துப் பிடிக்கும் மெத்தில் யூஜினால் பொறிகளைக் கட்டிவிட வேண்டும்.

உடம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூழும் மோரும் நுங்கும் இங்கே யாரும் கற்றுக்கொடுத்து வருவதில்லை. ஆனால் இந்த இரண்டு மாவட்டங்களுக்கே உரிய ஒன்று உண்டு. பல கிராமங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013-இல் அதற்காகத்தான் வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது மேல் எல்லை. வெயிலில் இரண்டு லிட்டர் குடிப்பவர் ஐந்து லிட்டர் குடிக்கும்போது உள்ளே போகும் ஃபுளோரைடும் அதே விகிதத்தில் கூடும். காய்ச்சினால் போகாது, நீர் வற்றி அடர்த்திதான் ஏறும். போர் தண்ணீர் குளிக்க, மாட்டுக்கு, கூலருக்கு என்று போகட்டும். குடிக்கவும் கூழ் கரைக்கவும் ஆற்றுக் குழாய்த் தண்ணீரைத் தனிக் குடத்தில் பிடித்து வையுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கும் அதே தண்ணீர்தான்: ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பை மிஞ்சவிடக் கூடாது, கண்ணீரை விடக் கரிக்கக் கூடாது என்பது நாக்குக்கான அளவு. வெயிலில் வேலை செய்தவர் பேச்சுக் குழறி, நிலை தடுமாறி, உடம்பு கொதித்தால் வாயில் எதையும் ஊற்றாமல் நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது.

கடைசியாக, களத்தில் கொட்டை எடுத்துக் காயப்போட்ட புளி. கோடை மழையின் முதல் பத்து நிமிடம் நனைந்தாலே கறுத்து, விலை பாதியாகும். மதியம் இரண்டு மணிக்கு மலைத்தலையில் மேகம் நிமிர்ந்திருந்தால், அப்போதே அள்ளிக் கொட்டாய்க்குள் போட்டுவிடுங்கள்.